வேடன், வேங்கை, கிழவன்: ஒரு சிரிப்பு நாடகத்தின் வரலாறு

இத்தாலி நாட்டில் ஓபரா என்று ஒரு கலை உண்டு. பேச்சுக்குப் பதில் பாட்டாலேயே கதையை நடத்திச் செல்லும் நாடகம் என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும். அரசர்களும் தேவர்களும் வந்து சோகத்தில் முடிவது ஒரு வகை. வேலைக்காரி, வைத்தியர், காதலன், கஞ்சன் என்று அன்றாடம் நாம் காணும் மனிதர்கள் வந்து சிரிக்க வைத்துக் கல்யாணத்தில் முடிவது இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைக்கு 'ஓபரா பூஃபா' என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் செழித்து வளர்ந்து, பிறகு ஐரோப்பா முழுவதும் பரவிய வகை இது.

தமிழ்ச் சங்க மலரில் இத்தாலிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்த வகையில் தலைசிறந்தது என்று உலகம் கொண்டாடும் ஒரு நாடகத்தின் கதையைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அட, இது நம்ம வள்ளி திருமணம் அல்லவா! அந்த ஒப்புமையைச் சொல்லி, வள்ளி திருமணம் மேடையேறி வந்த வரலாற்றையும், அதில் திருவனந்தபுரத்துத் தமிழர்களாகிய நமக்கு உள்ள பங்கையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செவில் நகரத்து நாவிதர்

நாடகத்தின் பெயர் 'செவில் நகரத்து நாவிதர்'. மூலக்கதை பிரெஞ்சுக்காரரான பொமார்ஷே எழுதி 1775இல் அரங்கேறிய நாடகம். அதை ஓபராவாக்கியவர் ஜோவாக்கினோ ரொசினி. அப்போது அவருக்கு 24 வயது நிறைந்திருக்கவில்லை.

ரொசீனா என்ற பெண்ணைக் கிழ வைத்தியர் பார்த்தோலோ தம் வீட்டில் கட்டுக்காவலோடு வைத்திருக்கிறார். அவளைத் தாமே மணந்து, அவள் சொத்தையும் அடைவது அவர் திட்டம். அல்மாவீவா என்ற பிரபு அவளை விரும்புகிறார். பிரபு என்று தெரியாமலே அவள் தன்னை விரும்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. முதலில் ஏழை மாணவனாக வருகிறார். அடுத்து, குடித்துவிட்டுத் தள்ளாடும் சிப்பாயாக வருகிறார். மூன்றாவதாகப் பாட்டு வாத்தியாராக வருகிறார். காவல் காக்கும் வைத்தியரே அந்தப் போலி வாத்தியாரை உள்ளே அழைத்துப் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறார்! இவ்வளவுக்கும் யோசனை சொல்லி, ஓடியாடி வேலை செய்பவர் ஃபிகாரோ என்ற நாவிதர். கடைசியில் வேஷம் கலைகிறது, கல்யாணம் நடக்கிறது.

இது முதன்முதலில் 1816 பிப்ரவரி 20ஆம் நாள் ரோம் நகரத்து ஆர்ஜென்டினா அரங்கில் மேடையேறியது. அன்று ஒரே கூச்சல், கேலி. இதே கதையைப் பைசியெல்லோ என்ற மூத்த இசையறிஞர் 1782இலேயே ஓபராவாக்கியிருந்தார். 'அவர் செய்ததை இந்தச் சின்னப் பையன் மறுபடி செய்வதா?' என்று அவருடைய அபிமானிகளுக்குக் கோபம். மறுநாள் இரவு அதே நாடகம் அமோகமாக வெற்றி பெற்றது. 1825இல் மானுவேல் கார்சியா என்ற பாடகர் தம் குடும்பத்தோடு கப்பலேறி நியூயார்க் சென்று, இந்த நாடகத்தைக் கொண்டுதான் அந்நகரில் இத்தாலிய ஓபராவைத் தொடங்கி வைத்தார். ரோமில் முதல் நாள் பிரபு வேஷம் கட்டியவரும் அவரேதான். நியூயார்க்கில் ரொசீனாவாகப் பாடியவர் அவருடைய 17 வயது மகள் மரியா.

இன்னொரு செய்தி நம் கதைக்கு முக்கியம். பாட்டுப் பாடம் நடக்கும் காட்சிக்கு ரொசினி ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தார். ஆனால் புகழ்பெற்ற பாடகிகள் அந்த இடத்தில் தங்களுக்குப் பிடித்த வேறு பாட்டைப் பாடுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ரொசீனா வேஷம் கீழ்க்குரல் பாடகிக்காக எழுதப்பட்டது. பிறகு மேல்குரல் பாடகிகள் சுருதியை உயர்த்தி அதைத் தமதாக்கிக் கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் மறுபடி மூல வடிவத்தைத் தேடிப் போனார்கள். எழுதியவர் ஒருவர் என்றாலும், 200 ஆண்டாக நடிகர்கள் கைபட்டு வளர்ந்த நாடகம் அது.

தினைப்புனத்து வேஷங்கள்

இப்போது நம் கதைக்கு வருவோம். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் வள்ளியின் திருமணத்தோடுதான் நிறைவு பெறுகிறது. வேடர் தலைவன் நம்பிராஜன் தன் வளர்ப்பு மகள் வள்ளியைத் தினைப்புனம் காக்க வைக்கிறான். பரண்மேல் நின்று கவண் வீசிப் பறவைகளை ஓட்டுகிறாள் அவள். முருகன் முதலில் வேடனாக வருகிறார். நம்பிராஜன் வரும் அரவம் கேட்டதும் வேங்கை மரமாகிறார். கடைசியில் தள்ளாடும் கிழவனாகிறார். 'பாவம் பெரியவர், பெண்ணுக்குத் துணையாக இருக்கட்டும்' என்று தகப்பனே அவரைப் புனத்தில் விட்டுப் போகிறான்! கிழவருக்குப் பசி, தாகம், பிறகு கல்யாண ஆசை. அவள் சீறுகிறாள். அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து மிரட்ட, பயந்துபோய்க் கிழவரையே கட்டிக்கொள்கிறாள். வேஷம் கலைகிறது, கல்யாணம் நடக்கிறது.

மூன்று வேஷம், ஏமாறும் காவல்காரர், நடுவில் ஒரு தூது. ஃபிகாரோ செய்யும் வேலையை இங்கே நாரதரும் பிள்ளையாரும் பங்கு போட்டுக் கொள்கிறார்கள். ஃபிகாரோ காசுக்குச் செய்கிறார், நாரதர் கலகத்துக்காகவே செய்கிறார். அதுதான் வேற்றுமை.

இத்தாலியிலிருந்து யாரும் இதைக் கொண்டுவரவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதன் வேர் சங்க இலக்கியத்தில் இருக்கிறது. குறிஞ்சித் திணையில் தினைப்புனம் காக்கும் பெண்ணிடம் தலைவன் வந்து, 'நான் அம்பெய்த மான் இந்தப் பக்கம் வந்ததா, யானை வந்ததா?' என்று கேட்பான். அவன் தேடுவது மானை அல்ல என்று அவளுக்கும் தோழிக்கும் தெரியும். இதற்குக் 'கெடுதி வினாதல்' என்று அகப்பொருள் நூலார் பெயர் வைத்தார்கள். யானைக்கு அஞ்சிய பெண்ணைத் தலைவன் காப்பாற்ற, அதனால் காதல் பிறப்பதற்குக் 'களிறு தரு புணர்ச்சி' என்று பெயர். வள்ளி கதையில் இந்த இரண்டும் அப்படியே இருக்கின்றன. களிற்றை அனுப்புவது சொந்த அண்ணன் என்பதுதான் புதிது. புலவர்கள் இலக்கணம் வகுத்த காதலை நாடகக்காரர்கள் சிரிப்பாக்கினார்கள்.

சுவாமிகள் செய்தது

மேடைக்கு உரிய வள்ளி திருமணத்தை நமக்குத் தந்தவர் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). உப்பளத்தில் கணக்குப் பிள்ளையாக இருந்தவர், 24 வயதில் நாடகத்துக்கு வந்தார். எமன், சனீஸ்வரன், இரணியன் போன்ற வேஷங்கள் கட்டிப் பிறகு வாத்தியார் ஆனார். நாற்பது அளவில் நாடகங்கள் எழுதினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார்.

அந்தச் சபையில் அந்த ஆண்டே சேர்ந்த ஆறு வயதுப் பையன் ஒருவன் பிறந்த ஊர் திருவனந்தபுரம். பின்னாளில் அவ்வை சண்முகம் என்று பேர் பெற்ற தி. க. சண்முகம்தான் அந்தப் பையன். அவரும் சகோதரர்களும் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று தமிழ் நாடக மேடையையே சில தலைமுறைக்குத் தாங்கி நின்றார்கள்.

சுவாமிகள் பாட்டும் வசனமும் எழுதினார். ஆனால் இரண்டு இடங்களை நடிகர்களுக்குத் திறந்து வைத்தது போல அமைந்துவிட்டது. ஒன்று, வள்ளி பறவை ஓட்டும் இடம். அங்கே அவள் எந்தப் பாட்டையும் பாடலாம். மற்றொன்று, தர்க்கம். நாரதரும் வள்ளியும், பிறகு வேடனும் வள்ளியும், கேள்வியும் பதிலுமாக மோதிக்கொள்ளும் இடம். எழுதியதைச் சொல்லி முடித்த பிறகும் தர்க்கம் நிற்காது. எதிராளி எதைக் கேட்பார் என்று தெரியாது, மேடையில் நின்றபடியே பதில் கண்டாக வேண்டும். பேர்பெற்ற ஜோடிகளின் தர்க்கத்தைக் கேட்க ஜனங்கள் விடியவிடிய உட்கார்ந்திருந்தார்கள். இத்தாலியப் பாடகிக்குப் பாட்டுப் பாடக் காட்சி எப்படியோ, நம் நடிகைக்குத் தர்க்கம் அப்படி.

மேடையை ஆண்டவர்கள்

இந்த நாடகத்தின் பெரும் ஜோடி எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும். கிட்டப்பா 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர். 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. ஆகவே அவரையும் நம் சமஸ்தானத்துப் பிள்ளை என்று உரிமை கொண்டாடலாம். சுந்தராம்பாள் காவிரிக்கரைக் கொடுமுடிக்காரர். இருவரும் இணைந்தது 1926இல் இலங்கையில், அதாவது கடல் கடந்த தமிழர் நடுவில். அடுத்த ஆண்டு மணம் புரிந்தார்கள். 1933 டிசம்பரில் 27 வயதில் கிட்டப்பா மறைந்தார். ஏழே ஆண்டு மேடைதான், இன்றும் பேசுகிறோம்.

வேறொரு நடிகரையும் சொல்ல வேண்டும். சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாத தாஸ். நாவிதர் குலத்தவர். அந்தக் காரணத்துக்காகவே அவரோடு நடிக்க மறுத்தவர்கள் உண்டு. அவர் முருகன் வேஷத்தில் வந்து தேசியப் பாடல் பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதிய பாடல்களில், தினைப்புனத்தில் ஓட்ட வேண்டிய வெள்ளைக் கொக்கு வெள்ளைக்காரனாக மாறியது! ஜனங்கள் சிரித்தார்கள், போலீசார் சிரிக்கவில்லை. பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31ஆம் நாள் இரவு சென்னையில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருக்கும்போது, முருகனாக மயில்மேல் வீற்றிருந்த நிலையிலேயே உயிர் பிரிந்தது. இத்தாலிய நாடகத்தில் நாவிதர் பிரபுவுக்குத் தூது போகிறார். நம் மேடையில் நாவிதர் குலத்தவர் தெய்வமாகவே வந்தார். இதை எண்ணும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

சினிமாவும் இக்கதையை விடவில்லை. 1933இல் டி. பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்த படம் கல்கத்தாவில் எடுக்கப்பட்டது. 1945இல் ஏ.வி.எம். எடுத்த 'ஸ்ரீவள்ளி'யில் டி. ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. ருக்மிணியின் பாட்டுகளுக்குப் பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். 1961இல் வந்த 'ஸ்ரீவள்ளி'யில் சிவாஜி கணேசன் முருகன், பத்மினி வள்ளி, பழைய முருகனான மகாலிங்கம் நாரதர்! பத்மினி நம் பூஜைப்புரையில் பிறந்து வளர்ந்தவர் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சினிமா வந்ததால் மேடை ஒழிந்துவிடவில்லை. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் நடக்கிறது. 'ஸ்பெஷல் நாடகம்' என்பார்கள். இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. வள்ளி ஓர் ஊர், முருகன் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். அன்று இரவு மேடையில்தான் சந்திப்பார்கள். எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் மனப்பாடம் என்பதால் நாடகம் ஓடும். முதலில் பபூன் வந்து சிரிக்க வைப்பார், பிறகு பபூனும் டான்ஸும் சேர்ந்து கலகலப்பு, அதன் பின்னரே கதை. கல்யாணம் முடியும்போது கிழக்கு வெளுக்கும்.

நம் ஊருக்கு வரும் மாப்பிள்ளை

திருவனந்தபுரத்துக்கும் வள்ளி கதைக்கும் உள்ள தொடர்பு நாடகத்தோடு நிற்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் குமாரகோயில் இருக்கும் வேளிமலையில்தான் வள்ளியை முருகன் மணந்தார் என்பது நாஞ்சில் நாட்டார் நம்பிக்கை. வேலூர்ப் பக்கத்து வள்ளிமலைக்காரர்கள் தங்கள் மலைதான் என்பார்கள். அந்த வழக்கு இருக்கட்டும். குமாரகோயிலில் பங்குனித் திருக்கல்யாணத்தின்போது 'குறவர் படுகளம்' என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. பெண் வீட்டாரான குறவர்கள் மாப்பிள்ளையை எதிர்த்துச் சண்டை போட்டுத் தோற்பார்கள். பிறகு கல்யாணம். கோயில் சடங்கே நாடகமாக இருக்கிறது.

அந்த வேளிமலை முருகன்தான் ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் புறப்பட்டு நம் ஊருக்கு எழுந்தருளுகிறார். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில், முன்னுதித்த நங்கை செந்திட்டையில், முருகன் ஆரியசாலையில். விஜயதசமியன்று வெள்ளிக்குதிரையில் பூஜைப்புரைக்குப் போய் அங்கே வேட்டை. தினைப்புனத்துக்கு வேடனாக வந்தவர் இங்கும் வேட்டைக்கே போகிறார் பாருங்கள்! சாலைத் தெருவிலும் கரமனையிலும் வாழும் நாம் வருஷா வருஷம் வழியில் நின்று கும்பிடுகிறோம். ஆனால் கும்பிடும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த மாப்பிள்ளையின் குறும்பு தெரியும்?

முதலில் போவது சிரிப்பு

நான் இங்கே சொல்ல வந்த விஷயம் இதுதான். மொழி தெரியாதவரையும் சோகப் பாட்டு தொட்டுவிடும், பக்திப் பாட்டும் தொட்டுவிடும். சிரிப்பு அப்படி அல்ல. அது சொல்லுக்குள் இருக்கிறது.

இரண்டு உதாரணம் பார்க்கலாம். வேடன் மரமாகிறான், என்ன மரம்? வேங்கை. தமிழில் வேங்கை என்றால் மரமும் ஆகும், புலியும் ஆகும். வேடர் கூட்டத்துக்கு நடுவே வேங்கையாகி நிற்பது எத்தனை பெரிய குறும்பு! மலையாளத்தில் வேங்ங என்றால் மரம்தான், புலி அந்தச் சொல்லில் இல்லை. அடுத்து, கிழவன். பேச்சில் கிழவன் என்றால் வயதானவன். பழந்தமிழில் உரியவன், தலைவன். முருகனுக்குக் 'குறிஞ்சிக் கிழவன்' என்றே பெயர். ஆக, கிழவன் வேஷம் போட்டபோது அவர் பொய் வேஷமே போடவில்லை, தம் பெயரைத்தான் போட்டுக்கொண்டு வந்தார்! இது புரியும் பிள்ளைக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரும். புரியாத பிள்ளைக்கு ஒரு தாத்தா வருகிறார், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் நடப்பதைப் பார்க்கிறேன். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும், வீட்டில் 'சாப்பிடு, படி, தூங்கு' என்கிற அளவுக்குத் தமிழ். முருகன் பாட்டு எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம், ஸ்வரத்தோடு பாடுவார்கள். ஆனால் ஒரு சிலேடையைச் சொன்னால் முகத்தைப் பார்க்கிறார்கள். விளக்கிச் சொன்னால் மரியாதைக்குச் சிரிக்கிறார்கள். பாட்டு இருக்கும்போதே தர்க்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

ஓபராக்காரர்களுக்கும் இதே கஷ்டம் வந்தது. இத்தாலி தெரியாத ஊர்களில் நகைச்சுவை எப்படி எடுபடும்? 1983இல் கனடாவின் டொராண்டோ நகரத்து ஓபரா கம்பெனி மேடைக்கு மேலே ஒரு திரையில் மொழிபெயர்ப்பை எழுத்தாக ஓட்டியது. இன்று உலகம் முழுவதும் அந்த ஏற்பாடு இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதில் ஒரு குறை: திரையைப் படித்தவர் பாடகர் வாய் திறக்கும் முன்பே சிரித்துவிடுகிறார்! அடுத்த வீட்டுக்காரருக்குத் திரை போதும். சொந்த வீட்டுப் பிள்ளைக்கும் திரை வைக்கும் நிலைக்கு நாம் போகலாமா?

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. முழு நாடகம் வேண்டாம், விடியவிடிய வேண்டாம். ஆண்டு விழாவில் அரை மணி நேரம், வேடனும் வள்ளியும் தர்க்கம் செய்யும் காட்சியை மட்டும் நம் பிள்ளைகளைக் கொண்டு நடத்துவோம். சுவாமிகளின் வசனத்தைப் பாடம் பண்ணட்டும். அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம், எழுதிக் கொடுக்காமல், அவர்களாகவே கேட்டு அவர்களாகவே பதில் சொல்லட்டும். தடுமாறுவார்கள், நடுவில் மலையாளம் கலக்கும், கலக்கட்டும். ரோமில் ரொசினியின் நாடகமே முதல் நாள் கேலிக்கு ஆளாகி மறுநாள்தானே எழுந்தது? நம்ம பிள்ளை சொன்ன ஒரு பதிலுக்கு, விளக்கம் இல்லாமலே அடுத்த வரிசைப் பிள்ளை சிரித்தால் போதும், அன்றைய விழா வெற்றி. பாட்டி தாத்தாக்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, பதில் வராத இடத்தில் மெதுவாக எடுத்துக் கொடுக்கலாம்.